பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் பதிமூன்று கிலோமீட்டர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னது நான்தான். பழியைப் போட வேறு தலை எதுவும் அகப்படவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் என் வீட்டு மாடியறையில் தங்க வந்த இசாத், "நாளைக்கு ஊர் சுத்திப் பாக்கணும், என் வாடகைக் காரை நீங்க ஓட்டுவீங்களா?" என்று கேட்டான். தெற்கே தலைநகர் ஓஸ்லோவில் இருபத்தைந்து வருடம் டிராமிலேயே போய் வந்தவன். ஆல்டாவிலிருந்து எங்கள் ஹோனிங்ஸ்வோக்குக்குப் பனியில் ஓட்டிவந்து சேர்வதற்குள் போதும் போதுமென்றாகியிருந்தது. ஓட்டுகிறேன் என்றேன். டாக்சி ஓட்டிப் பிழைப்பவள் வேறென்ன சொல்வாள்?

"வடமுனைப் பாறை வரைக்கும் போகணும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நாளைக்குப் பனி தள்ளற வண்டிய ஓட்டப்போறது யாரு? அவளா இருந்தா நான் வரலை."

"தோர்லைஃப்" என்று இன்னொரு ஓட்டுநரின் பெயரைச் சொன்னேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஓட்டப்போவது ரவ்னா என்று எனக்குத் தெரியும். ரவ்னா இவனுடைய அக்கா. என் சிநேகிதி. இருவரும் பேசிப் பத்தொன்பது வருடமாகிறது. இவன் இன்னும் இரண்டே நாளில் விமானம் ஏறிவிடுவான். ஐம்பத்திரண்டு வயதில் வந்திருக்கிறான், இனி எப்போது வருவானோ. அந்த நினைப்பு வந்ததும் வாய் தன்பாட்டுக்குப் பொய்யைச் சொல்லிவிட்டது.

2

நேற்று நடந்ததைத்தான் இன்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று தொடக்கங்கள் கிழிபட்டன. கிழித்ததை மறைப்பானேன், பாருங்கள்.

"மார்ச் மாதத்து வெளிச்சம் துறைமுகத்தின் மேல் மெல்ல இறங்கி" (இறங்கி? என்ன செய்தது? வெளிச்சத்தைப் பற்றி எழுதினால் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் எழுதியது. கோழைத்தனம்.)

"ஓர் ஊரில் ஓர் அக்காவும் ஒரு தம்பியும்" (நல்லதுதான். ஆனால் இது கதை கேட்டுத் தூங்கப்போகிறவர்களுக்கு.)

"இசாத் அழகானவன்." (அழகன் இல்லை. காது பெரிது. ஏன் இப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.)

இன்னொரு வாக்குமூலம். இங்கே யாரும் தமிழ் பேசவில்லை. நான் தூத்துக்குடி மீன் கம்பெனியில் இறால் உரித்தவள், இங்கே காட் மீன் கம்பெனிக்கு வந்து, பிறகு டாக்சிக்கு மாறி, இருபத்தாறு வருடமாக இவர்களோடு கிடக்கிறேன். ரவ்னா வடக்கத்திப் பேச்சில் வாயைத் திறந்தால் என் காதில் அது தூத்துக்குடித் தமிழாகத்தான் விழுகிறது. இசாத் ஓஸ்லோ பாஷை பேசினால் மெட்ராஸ்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.*

(* இந்த வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் பெரியம்மாவுக்கு ஒரு சொல், சித்திக்கு ஒரு சொல், பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனி. நான் முதன்முதலில் கேட்டபோது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஆனால் உடன்பிறந்தவளுக்கு மட்டும் ஒரே சொல். 'அக்கா' என்பது நான் போட்டது. ஐந்து வயது மூத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

3

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். இசாத் கதவைத் தட்டினான்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளிநடையில் நின்று காலைத் தொம் தொம்மென்று உதறிப் பனியைத் தட்டிவிட்டு, இருமிக்கொண்டே நேராக உள்ளே வந்து உட்கார வேண்டியதுதான். காப்பி தானாக வரும். எதற்கு வந்தாய் என்று கேட்பதும் கிடையாது, வந்தவர் எப்போது சொல்கிறாரோ அப்போதுதான். தட்டுகிறவன் வரிக்காரன், போலீஸ், அல்லது வேதம் பிரசங்கிக்க வந்தவன்.

அவர்களுடைய அம்மா செத்தபோது இசாத் ஓஸ்லோவிலிருந்து கறுப்புக் கோட்டோடு வந்தான். ஸ்கார்ஸ்வோக் கிராமத்தில் அவன் பிறந்த வீடு, உள்ளே அம்மாவைக் கிடத்தியிருக்கிறது. தெற்கே பழகிய விரல், அவன் யோசிப்பதற்குள் கதவை மூன்று தட்டுத் தட்டிவிட்டது. உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ரவ்னா வந்து கதவைத் திறந்து, தம்பியை மேலும் கீழும் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் போய் ஓட்டலில் தங்கினான். அடக்கத்தன்று கல்லறைக் குழிக்கு அந்தப் பக்கம் நின்றான். பிறகு போனவன் போனவன்தான்.

ரவ்னா ஒரே ஒரு தடவை என்னிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். "அம்மையோட வீட்டுக்கு அவன் அந்நியன் மாதிரி வந்தாம்ட்டி" என்றாள். "நானும் அந்நியன்ட்ட கேக்குத மாதிரி கேட்டேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் முழுங்கியிருக்கலாம்." அதற்குப் பிறகு நெட்டி முறித்துவிட்டு எழுந்துபோனாள்.

4

சுற்றிப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

காலையில் தேவாலயம். போரில் ஜெர்மன்காரர்கள் ஊரையே கொளுத்தியபோது மிஞ்சி நின்ற ஒரே கட்டடம். இசாத் வெளியே நின்று படம் எடுத்தான், உள்ளே வரவில்லை. உள்ளே இருந்துதான் அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்து துறைமுகத்தில் ராஜ நண்டுகளைத் தொட்டியில் காட்டுகிற இடம். மரச் சட்டங்களில் காயப்போட்ட மீன் தலைகள். இங்கே பிறந்து வளர்ந்தவன், சின்ன வயதில் இதே தலைகளிலிருந்து நாக்கு அறுத்துக் கைச்செலவுக்குக் காசு பார்த்தவன், ஒரு ஜெர்மானியக் கிழவருக்குப் பக்கத்தில் நின்று அவரைப் போலவே "அடடா" என்றான்.

"நடிக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சுத்திப் பாக்க வந்தவன் சுத்திப் பாக்கணும்ல."

"வடமுனைய நீங்க பாத்ததே இல்லியா?"

"எங்க ஊர்ல எவன் அங்க போவான்? அது வந்தவங்க பாக்கறதுக்கு." அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "இப்ப நானும் வந்தவன்தானே."

(இந்த இடத்தில் இசாத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவன் உண்மையிலேயே சுற்றிப் பார்க்கத்தான் வந்தானா? அப்படியானால் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவர் யார் என்று ஏன் கேட்டான்? அவள் ஓட்டுகிறாள் என்பது ஓஸ்லோவில் எப்படித் தெரிந்தது? கேட்க வாயெடுத்தேன். கேட்பது எங்கள் வழக்கமில்லை. கதை எழுதுகிறவளுக்கு இதைவிடக் கொடுமையான ஊர் அமையாது.)

கடையில் வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வாங்கித் தந்தான். காரில் சாப்பிட்டோம். வெயில் இளஞ்சிவப்பாக, மலைகள் நீலமாக, கடலிலிருந்து ஆவி எழுந்து எல்லாமே பாதி அழிந்த மாதிரி இருந்தது. மார்ச்சில் எங்கள் ஊர் இப்படித்தான் அரைத் தூக்கத்தில் கிடக்கும். இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு சூரியன் திரும்பி வந்ததையே ஊர் முழுதாக நம்பியிருக்காது.

5

ஸ்கார்ஸ்வோக் பிரிவில் சாலைத் தடுப்பு. அங்கிருந்து, நிலம் கடலில் முடிகிற வடமுனைப் பாறைக்குப் பதிமூன்று கிலோமீட்டர். குளிர்காலத்தில் யாரும் தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. பதினோரு மணிக்குத் தடுப்பைத் திறப்பார்கள். முன்னால் பனி தள்ளும் வண்டி, பின்னால் கார்கள் வரிசையாக, கடைசியில் யாரும் தவறிப்போகாமல் பார்க்கிற காவல் வண்டி. மேலே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அதே வரிசையில் இறங்க வேண்டும்.

கீழே கிராமம் தெரிந்தது. அம்மா இருந்த, இப்போது ரவ்னா இருக்கிற மஞ்சள் வீடு, புகைபோக்கியில் புகை. இசாத் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பாமல் இருப்பதற்கு அவன் கழுத்து எவ்வளவு பாடுபட்டது என்பதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முன் வண்டி ஓட்டுநர் ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி விசாரிக்க வேண்டும். அது வேலை. ஆரஞ்சு உடுப்பும் ரோமத் தொப்பியுமாக ஓர் உருவம் வரிசையில் வந்துகொண்டிருந்தது. "தோர்லைஃப் குள்ளமாயிட்டானா?" என்றான் இசாத். நான் ஹீட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்துக் கண்ணாடியில் டொக் டொக். இறக்கினேன்.

"ஏட்டி ஜெசிந்தா! நீயா? இது யாரு காருட்டி, புதுசா மினுக்குது?" என்று குனிந்த ரவ்னா, பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

காற்று மட்டும் உள்ளே வந்தது. பிறகு அவள் நிமிர்ந்து, வேலைக்குரலை எடுத்துக்கொண்டாள்.

"டீசல் எவ்வளவு இருக்கு?"

"முக்கால் டேங்க்" என்றேன்.

"சூடான உடுப்பு?"

"இருக்கு."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றான் இசாத், முன் கண்ணாடிக்கு நேரே பார்த்தபடி.

"முன்னால போற விளக்கு கண்ணை விட்டு மறையக் கூடாது. மறைஞ்சா அப்படியே நிக்கணும். இறங்கக் கூடாது, திருப்பக் கூடாது. நான் வருவேன்."

(எல்லாக் காரிலும் "நாங்க வருவோம்" என்றுதான் சொல்வாள். நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எங்களிடம் "நான்" என்றாளா, அல்லது எழுதும்போது நான் திருத்திவிட்டேனா? சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிடவும் மாட்டேன்.)

இரண்டு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள். "உங்க டயர் சரியில்ல. வரிசைய விட்டு வெளிய எடுத்து முன்னால வாங்க. எனக்கு அடுத்தாப்புல."

வாடகைக் காரின் டயர் போன மாதம் போட்ட புது டயர். பனியைப் பிடிக்கிற ஆணிகள் பளபளவென்று இருந்தன.

அவள் போனதும் இசாத் சொன்னான், "நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா."

"வண்டியைத் திருப்புங்க."

"முடியாது. பின்னாடி பன்னிரண்டு கார் நிக்குது. தடுப்பு திறந்தாச்சு." குரல் நடுங்காமல் சொன்னேன் என்று எழுத ஆசை. நடுங்கியது.

5½

இந்தப் பகுதிக்கு எண் கொடுப்பதே தப்பு. அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இரண்டு கிலோமீட்டர் போனதும் காற்று தரைப்பனியைக் கிளப்பிவிட்டது. சாலை போயிற்று. மலை போயிற்று. வானம் எது, பள்ளம் எது என்பது போயிற்று. முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள், அதற்கு மேலே சுழலும் மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான் உலகம். கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. தொட்டிலில் போட்ட பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தூத்துக்குடி உப்பளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையாகக் குவிந்த உப்பு, மத்தியான வெயில், என் மாமா சைக்கிளில் எதிரே வந்தார், கையசைத்தார். பிறகு அவர் பனியாகிவிட்டார்.

இசாத் பேசினான். என்னிடமா என்று தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தான் போவோம். அவ முன்னாடி, நான் பின்னாடி. அவ கால் வெச்ச குழியில நான் கால் வெப்பேன். திரும்பியே பாக்க மாட்டா. எப்படித் தெரியும்னு கேட்டா, நீ மூச்சு வாங்குத சத்தம் கேக்குல்லா, அப்டிம்பா."

நான் கவனித்தேன். கடைசி வரியில் அவன் மெட்ராஸ்காரனாக இல்லை. வடக்கத்திப் பேச்சு வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

ஓரிடத்தில் சிவப்பு விளக்கு மறைந்தது. மிதித்து நிறுத்தினேன். வெள்ளை. ஒரே வெள்ளை. இசாத்தின் கை கதவின் மேல் இருந்தது. "இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றேன். "தெரியும்" என்றான். அரை நிமிடம் ஆகியிருக்கும். சிவப்பு விளக்குகள் பின்னோக்கி நகர்ந்து எங்களை நோக்கி வந்து, நாலு அடி தூரத்தில் நின்று, மறுபடி முன்னே போயின. அவள் எங்கள் விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

6

மேலே வந்ததும் காற்று விட்டு விட்டு அடித்தது. எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினார்கள், சிலர் பாறை விளிம்பில் இருக்கிற இரும்புப் பூமி உருண்டையிடம் படம் எடுக்க. பனி தள்ளும் வண்டி எஞ்சின் அணைக்காமல் ஓரத்தில் நின்றது. ரவ்னா இறங்கவில்லை. இசாத்தும் இறங்கவில்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னவோ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவள் மாதிரி.

இருபது நிமிடம். முப்பது. நாற்பது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தும் இரண்டு கழுதைகளும் அசையவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"உருண்டையையாவது போய்ப் பாருங்க. அதுக்குத்தான் வந்தீங்க" என்று கத்தினேன்.

அவன் இறங்கினான். உருண்டையின் பக்கம் பத்து அடி நடந்தான். நின்றான். பிறகு பக்கவாட்டில் திரும்பி, காற்றுக்கு எதிரே குனிந்து, பனி தள்ளும் வண்டியை நோக்கிப் போனான். அந்த வண்டியின் கதவு அவன் தலைக்கு மேலே இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். கை உயர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு. எல்லாம் வெள்ளை.

7

எழுதுகிறவளுக்கு இது வசதியான இடம். காற்று மறைத்ததை நான் என் இஷ்டப்படி நிரப்பலாம். மூன்று விதமாக நிரப்பிப் பார்த்தேன்.

அ) அவன் தட்டினான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவன் நம்பவில்லை. (உண்மையைப் போலிருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

ஆ) தட்டாமல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அவள் ஒன்றும் பேசாமல் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி (பிடிக்கிறது. ரொம்பப் பிடிக்கிறது. அதனால் சந்தேகம்.)

இ) அவன் கை கதவில் படுவதற்குள் அவள் உள்ளிருந்து அதைத் தள்ளிவிட்டிருந்தாள். அப்போது யார் யாரிடம் வந்தார்கள் என்று

இதை முடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பனி விலகியபோது கதவுக்குக் கீழே யாரும் இல்லை. உருண்டையிடமும் இல்லை. காலடி இருந்திருந்தால் காற்று அழித்திருக்கும். அந்தப் பாறை நேரே முந்நூறு மீட்டர் கடலுக்கு இறங்குகிறது. கண்ணாடி போட்டவன், ஓஸ்லோ சப்பாத்து போட்டவன். கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு பொய்யைச் சொல்லி மனுஷனைக் கொன்றுவிட்டேன்.

நான் இறங்கி ஓடுவதற்குள் புறப்படும் நேரம் வந்துவிட்டது. காவல் வண்டியை ஓட்டிவந்த தோர்லைஃப் வரிசையில் தலைகளை எண்ணிக்கொண்டே முதல் காருக்கு, எங்கள் காருக்கு, வந்தான்.

"ரெண்டு பேரு வந்தீங்க. இன்னொரு ஆளு எங்க?"

பாறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் முகம் வெளிறியது. தோளில் இருந்த வாக்கிடாக்கியை அமுக்கினான்.

"ரவ்னா, முதல் கார்ல ஒரு ஆளு குறையுது."

கரகரவென்ற இரைச்சல். பிறகு அவள் குரல், எப்போதும் போல எரிச்சலாக.

"ஒருத்தனும் குறையல. எந் தம்பி. எங்கிட்டதான் இருக்கான். வண்டிய எடுல."

ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். தோர்லைஃப், இருபது வருடமாகத் தலை எண்ணுகிறவன், கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காத்து இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இறங்கும்போது பதிமூன்று கிலோமீட்டரும் அந்தச் சிவப்பு விளக்குகளுக்குப் பின்னால் தனியாக ஓட்டினேன். அந்த உயரத்து அறைக்குள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது. தடுப்பில் நின்று பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நின்று பார்ப்பதும் ஒரு வகைக் கேள்விதான். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

8

இதுவரை எழுதி முடித்தபோது வெளிநடையில் தொம் தொம்மென்று சத்தம். இன்றைக்கு வேலை இல்லாத ரவ்னா உள்ளே வந்து, தொப்பியை மேசையில் எறிந்து, உட்கார்ந்தாள். காப்பி ஊற்றினேன். இரண்டாவது கோப்பையும் ஊற்றினேன்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சாட்டி உனக்கு?" என்றாள் கடைசியில்.

"சொன்னா நீ லீவு போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்." காப்பியை உறிஞ்சினாள். "உன்ன அப்புறம் கவனிச்சுக்கிடுதேன். அது என்ன எழுதுத?"

"நேத்துக் கதை. உன்னையும் அவனையும் பத்தி."

"நா அழுத மாதிரி எழுதிறாத."

"அழுதியா?"

நான் கேட்டே விட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து மாடிக்குப் போய் இசாத்தின் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு சட்டைக் கை வெளியே தொங்கியது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாகப் பத்து நிமிடம். அவன் விமானம் நாலு மணிக்கு ஆல்டாவிலிருந்து. நல்ல சாலையிலேயே மூன்று மணி நேரம். பன்னிரண்டுக்குள் கிளம்பாவிட்டால் அவ்வளவுதான்.

"நேரமாச்சே ரவ்னா. கார் இங்க நிக்குது. அவன் கிளம்பிட்டானா?"

"அவன் இன்னும் உறங்குதான்" என்றாள். "அம்மையோட கட்டில்ல. வாயத் தொறந்துக்கிட்டு."

"எழுப்பலியா?"

"நா எதுக்கு எழுப்பணும்?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவன் கார்ச் சாவியை நான் நீட்டினேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வண்டி ஸ்கார்ஸ்வோக் பக்கம் திரும்புவதை ஜன்னலில் பார்த்தேன். மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள்.

இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமென்றால் மஞ்சள் வீட்டுக்குள் போய் அந்தக் கட்டில் அருகே நிற்க வேண்டும். கண் விழித்ததும் அவன் முதலில் என்ன சொல்வான், கடிகாரத்தைப் பார்ப்பானா, அக்காவைப் பார்ப்பானா என்று எழுத வேண்டும். நான் போகமாட்டேன். நீங்கள் போவதானால் போங்கள், கதவு பூட்டியிருக்காது. அவன் அலுத்துப்போய்த் தூங்குகிறான், பத்தொன்பது வருடத்துத் தூக்கம். உள்ளே போனால் சத்தம் மட்டும் போடாதீர்கள்.